பயோபிலிம்: 'கிருமிப்படலம்' என்றால் என்ன குறை?

மூன்றாவது தடவையும் கண்ணில் பட்டுவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டத்தில், கதீற்றர் (சலம், அதாவது சிறுநீர், வெளியே போக வைக்கிற குழாய்) போட்டவர்களைப் பராமரிக்கிற குடும்பங்களுக்குக் கொடுத்த துண்டுப்பிரசுரம். கிருமிகள் ஒன்றில் ஒட்டிப் பசைக்குள் கூட்டமாய் இருக்கிற படையைத்தான் பயோபிலிம் என்பது. அதற்கு 'உயிர்ச்சவ்வு' என்று அச்சடித்திருந்தார்கள். முன்பொரு தாளில் 'உயிரியல் படம்' என்று கண்டிருக்கிறேன். அது பள்ளிக்கூடத்தில் பென்சிலால் கீறிப் பெயர் குறிக்கிற சாமான், சிரித்துவிட்டுப் போகலாம். சவ்வை அப்படி விட முடியாது.

சொல்லின் பிறப்பு சின்னக் கதைதான். 'பயோ' கிரேக்கத்தில் உயிர். 'பிலிம்' பழைய ஆங்கிலத்தில் மெல்லிய தோல். கனடாவின் பில் கொஸ்ரட்டன் போன்ற நுண்ணுயிரியலாளர்கள் பரப்பிய சொல் இது. பொருள் அதைவிடப் பழையது: 1683இல் ஒல்லாந்து நாட்டு லீவன்ஹூக் உருப்பெருக்கியில் பார்த்த பல் ஊத்தையும் இதேதான்.

"மூலத்திலேயே தோல், சவ்வு என்றுதானே இருக்கிறது?" என்று மொழிபெயர்த்தவர் கேட்கலாம். இருக்கட்டும். வேரைப் பிடித்துக்கொண்டு காயை விடக்கூடாது. தமிழில் சவ்வு என்றால் உடம்பின் சொந்தச் சாமான்: செவிச்சவ்வு, கருவைச் சுற்றின சவ்வு. கிழிந்தால் ஆறவேண்டியது, காப்பாற்றவேண்டியது. கதீற்றருக்குள் இருப்பதோ வெளியே இருந்து வந்து குடியேறினது. பற்றீரியாக்கள் குழாயில் ஒட்டி, சர்க்கரைச் சேர்மங்களும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாய் இருக்கின்றன. மருந்து அதற்குள் சரியாய் வேலை செய்யாது. பசைக்குள் மந்தமாய்க் கிடக்கிற கிருமி, தனியே மிதக்கிற கிருமியைவிட மிகக் கூடுதலாய்த் தாக்குப்பிடிக்கும்.

சித்தியின் மகனுக்குப் போரில் முள்ளந்தண்டு அடிபட்டது; அதிலிருந்து சலம் போகக் கதீற்றர்தான். வன்னியில் இப்படி எத்தனையோ வீடு. அந்தத் தாளை வாசித்துவிட்டுச் சித்தி கேட்டா: "தம்பி, சவ்வு எண்டால் உள்ளுக்கு இருக்கிறதுதானே? அது கிழிஞ்சு போச்சோ? ஆறுறதுக்கு ஏதும் குளிசை தருவினமோ?"

ஒரு சொல் செய்த வேலையைப் பாருங்கள். சவ்வு என்றதும் குளிசை தேடுகிறா. குழாயில் படிந்த படலம் என்றிருந்தால் குழாயை அல்லவா பார்த்திருப்பா! காய்ச்சல், குளிர் என்று தொற்று வந்தால், இரண்டு கிழமைக்கு மேல் கிடந்த குழாயை மாற்றி, புதுக் குழாயில் வருகிற சலத்தைச் சோதித்து மருந்து தொடங்குவதுதான் முறை. ஒரு அறிகுறியும் இல்லாமல், சலத்தில் கிருமி தெரிகிறது என்பதற்காக மட்டும் பொதுவாக நுண்ணுயிர்கொல்லி கொடுப்பதில்லை. வராமல் தடுப்பதும் குழாயைச் சுற்றியதுதான்: தேவை முடிந்தவுடன் கழற்றுவது, சலம் சேர்கிற பையை, உடம்பிலுள்ள சலப்பைக்குக் கீழே வைப்பது, குழாயும் பையும் சேர்கிற பொருத்தைச் சும்மா கழற்றாமல் விடுவது, தொடுமுன் கை கழுவுவது.

என் தெரிவு 'கிருமிப்படலம்'. கிருமியும் படலமும் வடமொழி என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். வாசிக்கிற சித்திக்கு அந்தப் பஞ்சாயத்து வேண்டாம். 'உயிர்ப்படலம்' என்பதையும் பார்த்தேன். படலம் சரி, உயிர்தான் இடிக்கிறது. யாருடைய உயிர்? அகராதியை ஒரு கையிலும் ஆங்கிலத் தாளை மறு கையிலும் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள், அச்சுக்குப் போகுமுன் ஒரு பராமரிப்பாளருக்கு வாசித்துக் காட்டினால் என்ன?

போன மாதம் தாதி கழற்றின குழாயைச் சித்திக்குக் காட்டினேன். நுனியில் வெள்ளையாய், நற நறவென்று, கேத்திலின் அடியில் படிகிற கல்லைப் போல. புரோட்டியஸ் என்ற பற்றீரியா சலத்திலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்க, சலம் காரத்தன்மையாகி உப்புகள் இப்படிப் படியும், குழாயையே அடைத்துவிடும். உள்ளே வழுவழுப்பு. சித்தி பார்த்துவிட்டு, "குளத்துப் படியில பிடிக்கிற பாசி மாதிரி" என்றா. பாசி வேறு, அதற்கு வெளிச்சம் வேணும் என்று தொடங்கினேன். அவ அதற்குள் நாட்காட்டியை எடுத்து, அடுத்த குழாய் மாற்றுகிற திகதியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தா.