புயலை விட உப்பு மோசம்

2017 ஒக்கி புயலுக்குப் பிறகு குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வீடு கட்ட வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு காத்தடிச்சாலும் நிக்குமா சார்?" நிற்கும். உப்புக்குத் தாங்குமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவர்களுக்கு நான் பாம்பன் கதையைச் சொல்வேன். முன்பெல்லாம் கொழும்பு போக ரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து ராத்திரி முழுக்கக் கப்பலில் கிடக்க வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் எழும்பூரிலிருந்து கப்பலுக்கு ஆள் கொண்டுபோகும் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி கப்பல் துறைக்கே வந்தது. ரயிலை விட்டு இறங்கி, பெட்டியைப் போர்ட்டர் தலையில் ஏற்றி, நீராவிக் கப்பலில் (கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்று எல்லாம் வைஸ்ராய் பெயர்கள்) ஏறினால் சுமார் 35 கிலோமீட்டரில் இலங்கையின் தலைமன்னார், அங்கே அடுத்த ரயில் காத்திருக்கும்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ஸ்டேஷனையும் துறையையும் ஒரே ராத்திரியில் முடித்தது, ஆட்களோடு ஒரு ரயிலையும் கொண்டுபோனது. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள்) பெரும்பாலும் கடலுக்குள். ஆனாலும் ரயில்வே இன்ஜினியர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தை நிமிர்த்திவிட்டார்கள். அதே பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்தது துரு. 2025இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருப்பது சும்மா இல்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். குளச்சல் பக்கம் ஒரு வீடு, பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை, சன்ஷேடு கீழ்ப்பக்கம் பிளந்து தொங்குகிறது. கையால் இழுத்தேன், காரை ஒரு பாளமாகக் கழன்று வந்தது, உள்ளே கம்பி அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. துருப்பிடித்த இரும்பு ஊதிப் பருத்து உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். டேப் வைத்துப் பார்த்தால் கம்பிக்கு வெளியே இருந்த கான்கிரீட் 12 மில்லிமீட்டர். கடல் காற்று நேராகப் படும் இடத்தில் 45 இருக்க வேண்டும். எந்தத் தண்ணீரில் கலந்தீர்கள் என்று கேட்டதற்கு அந்த வீட்டு அம்மா, "நம்ம கிணத்துத் தண்ணிதான், கொஞ்சம் உப்புக்கரிக்கும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த 'அவ்வளவுதான்'தான் வினை. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பில் இருக்கிறது, கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது இதுதான்) இருந்தால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அந்தத் தண்ணீர் ஆகாது, வேலை தொடங்கும் முன் ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுங்கள். கடற்கரை மணலை அள்ளிக் கலப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்புறம், கான்கிரீட் போடுகிற அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்காமல், குனிந்து கம்பிக்கு அடியில் பாருங்கள். கம்பியைத் தூக்கி நிறுத்த ஜல்லித் துண்டு செருகியிருந்தால், "அண்ணே, கவர் பிளாக் வச்சிருங்க" என்று கொத்தனாரிடம் சொல்லுங்கள் (கம்பிக்கு வெளியே வேண்டிய கனத்துக்கு இடம் விட்டு நிறுத்தும் சிறு கட்டைதான் கவர் பிளாக்). முறைப்பார், பரவாயில்லை.