கெப்பின் மூடியும் டூல் பெட்டியும்: வாங்க முன் அளக்க வேண்டியவை

டபிள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள வண்டி) வைத்துத் தொழில் செய்பவர்கள், ஏசி பொருத்துபவரோ வயரிங், குழாய் வேலை பார்ப்பவரோ, பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் செலவு செய்கிறார்கள். முதலில் மழைக்கு ஒரு மூடி வாங்குவார்கள். கொஞ்ச மாதம் போனதும் டூல்ஸுக்கு ஒரு பெட்டி வரும். பெட்டியை ஏற்றி வைத்த அன்றுதான் மூடி மூடவில்லை என்பது தெரியவரும். பிறகு பெட்டியை வெட்டுவதா, மூடியை விற்பதா என்று யோசனை. மூடியும் பெட்டியும் இரண்டு பொருள் அல்ல. இரண்டையும் ஒன்றாக அளந்து, ஒன்றாகத் தீர்மானித்த பிறகே வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பின் பஞ்சிகாவத்தைப் பக்கம் போங்கள்.

நடுத்தர டபிள் கெப் ஒன்றின் பின்தட்டு நீளம் ஏறக்குறைய 1.5 மீற்றர். ஆழம் 45 முதல் 50 சென்றிமீற்றர். இரண்டு சில்லு வளைவுகளுக்கும் இடையில் 1.1 மீற்றர் அளவில் இருக்கும். மொடலுக்கு மொடல் இது மாறும், ஆகவே உங்கள் வண்டியை நீங்களே அளக்க வேண்டும். ஆழத்தை அளக்கும்போதுதான் பலரும் பிழை விடுகிறார்கள். தட்டின் தரையிலிருந்து பக்கச் சுவரின் விளிம்பு வரை அளந்தால் அது பெட்டிக்குரிய உயரம் அல்ல. மூடியின் அடியில் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன, அவை விளிம்பை விடச் சில சென்றிமீற்றர் கீழே தொங்கும். மூடியைப் பூட்டி வைத்து, பின்கதவை இறக்கி, தரையிலிருந்து அந்தச் சட்டத்தின் அடிப்பக்கம் வரை அளவெடுங்கள். அதில் இன்னும் 25 மில்லிமீற்றர் கழியுங்கள். மழைத் தண்ணீர் மூடிமேல் தேங்கும்போது அது தாழும்: ஒரு சதுர மீற்றரில் ஒரு சென்றிமீற்றர் தண்ணீர் நின்றால் 10 கிலோ பாரம். பெட்டியின் கொளுக்கி, கைப்பிடி, ஆமைப்பூட்டு எல்லாம் சேர்ந்ததுதான் பெட்டியின் உயரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்பது. மூன்றாக மடிக்கும் மூடி பின்கதவுப் பக்கமிருந்து முன்னுக்கு மடிந்து, சாரதி அறைக்குப் பின்னால் ஒரு கட்டாக அடுக்கி நிற்கும். டூல் பெட்டியை வழக்கமாக எங்கே வைக்கிறோம்? அதே இடத்தில், முன்சுவரோடு ஒட்டி. மூடியை முழுக்கத் திறந்தாலும் அந்தக் கட்டு பெட்டிக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்பானர் எடுக்க மூடியைக் கழற்ற வேண்டிவரும். சுருட்டி உள்ளே போகும் ரோலர் மூடியிலும் இதே சிக்கல் வேறு விதத்தில் வரும்: மூடி சுருண்டு கிடக்கும் உறை முன்சுவரோரம் 25, 30 சென்றிமீற்றர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே துண்டான ஃபைபர் மூடியில் பெட்டிக்கு மேலே இடைஞ்சல் குறைவு. ஆனால் அதன் கீல் முன்பக்கம் இருப்பதால் முன்னுக்குப் போகப் போக உயரம் குறையும், கை நுழையாது.

முன்சுவரோரப் பெட்டிதான் வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, பெட்டியைச் சுவர் விளிம்பின்மேல் குறுக்காக ஏற்றி, அதற்குப் பின்னால் மட்டும் மூடும் குட்டை மூடி போடுவது. பெட்டியின் இமை தனியாகத் திறக்கும். மற்றது, முன்பக்கத் துண்டும் தனியாகத் தூக்கக்கூடிய மடிப்பு மூடி. எங்கள் விருப்பம் முதலாவது. பெட்டிக்கும் மூடிக்கும் இடையிலுள்ள இணைப்பில் இறப்பர் சீல் சரியாக உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

தட்டின் தரையோடு ஓடும் லாச்சி (இழுப்பறை) கண்ணுக்கு வடிவாக இருக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒழுங்கைக்குள் நிறுத்தி வேலை செய்பவர் அதை வாங்க முன் ஒரு விசயம் யோசிக்க வேண்டும். இறக்கிய பின்கதவுக்கு அரை மீற்றர். லாச்சி முழுதாக வெளியே வரப் பின்கதவிலிருந்து ஒரு மீற்றருக்கும் மேல் வேண்டும். பின்னால் ஒரு கார் ஒட்டி நிறுத்தினால் அன்றைக்கு டூல்ஸ் எடுக்க முடியாது. அப்படிப்பட்ட இடங்களில் சில்லு வளைவுக்குப் பின்னால் இரு பக்கமும் பொருத்தும் சிறு பக்கப்பெட்டிகள் அதிகம் பயன்படும், தட்டின் நடுவும் வெறுமையாகக் கிடைக்கும்.

லாச்சியைச் செய்விக்கும்போது பாரத்தைக் கணக்கிடுங்கள். 18 மில்லிமீற்றர் பிளைவூட் எட்டுக்கு நான்கு அடித் தகடு ஒன்று 30 கிலோவுக்கும் மேல். இரட்டை லாச்சிக்கு மூன்று தகடு போனால் வெறும் பெட்டியே 100 கிலோ. டூல்ஸ் சேர்ந்தால் 200. “ஒரு தொன் ஏற்றும்” என்று சொல்லும் வண்டியில் அந்த ஒரு தொன்னுக்குள்தான் உள்ளே இருக்கும் ஆட்களும் அடக்கம். ஐந்து பேர் ஏறினாலே 350 கிலோ போய்விடும். ஈரம் தாங்கும் 12 மில்லிமீற்றர் மெரின் பிளைவூட் பக்கங்களுக்குப் போதும், அடித்தட்டுக்கு மட்டும் தடிப்பானது போடலாம். ஓடும் தண்டவாளம் முழு நீளம் வெளியே வரும் வகையாக, உள்ளேயும் வெளியேயும் பூட்டு விழுவதாக இருக்க வேண்டும். மேட்டில் நிறுத்தியிருக்கும்போது பூட்டு இல்லாத லாச்சி தானாக ஓடிவந்து ஆளை அடிக்கும். பாரமான டூல்ஸைப் பின்கதவோரம் வைக்காமல் பின்அச்சுக்கு முன்னால் வையுங்கள். பின்னால் பாரம் கூடினால் முன்சில்லு இலேசாகி ஸ்டியரிங் மிதக்கும்.

இனித் தண்ணீர். கொழும்பில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும் மழை. இடையில் மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் நிற்கும், கடலோரத்தில் உப்பும் சேரும். “வோட்டர் புரூப்” என்று எழுதியிருக்கும் மூடியில் தண்ணீர் வருவது பெரும்பாலும் மூடியின் நடுவால் அல்ல. பின்கதவுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள நீக்கல், மூடி உட்காரும் பக்கத் தண்டவாளத்தின் முன்மூலைகள், முன்சுவர் விளிம்பு, இந்த மூன்று இடத்தாலும்தான் வரும். பின்கதவுக்கென்று வரும் இறப்பர் சீலைத் தனியாக வாங்கி ஒட்ட வேண்டும். ஒட்ட முன் அந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். மெழுகு பூசிய பெயின்ற் மேல் ஒட்டினால் ஒரு மழைக்குக்கூட நிற்காது.

சீல் சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு சோக்குக்கட்டி போதும். சீலின் மேல் நீளத்துக்குச் சோக்கைத் தேய்த்து, மூடியை மூடிப் பூட்டி, திறந்து பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக்கோடு தொடர்ந்து விழுந்திருக்க வேண்டும். கோடு அறுந்த இடமே தண்ணீர் வரும் இடம். பிறகு தட்டின் தரையில் பழைய பேப்பர் விரித்து, மூடிப் பத்து நிமிடம் ஹோஸால் அடியுங்கள். நனைந்த பேப்பர் ஒழுகும் மூலையைக் காட்டித் தரும். டூல்ஸ் ஏற்ற முன்பே இதைச் செய்ய வேண்டும்.

தண்டவாளத்தின் முன்மூலையிலிருந்து இறங்கும் சிறு வடிகுழாய் இலை, மண், எறும்புக்கூடு எல்லாவற்றாலும் அடைபடும். மாதம் ஒருமுறை ஒரு நைலோன் தங்கூசியை உள்ளே விட்டு எடுங்கள். தட்டின் தரையிலுள்ள வடிதுளைகளைப் பெட்டியின் அடி மூடக்கூடாது. பெட்டியை 10 மில்லிமீற்றர் இறப்பர்ப் பட்டிகள்மேல் ஏற்றுங்கள், பட்டிகள் முன்னிருந்து பின்னுக்கு ஓட வேண்டும். குறுக்கே போட்டால் அவையே அணை.

தட்டுக்குள் ஏற்கெனவே பிளாஸ்டிக் லைனர் இருந்தால் அது விளிம்பின் மேல் மடிந்து, மூடியைப் பிடிக்கும் கிளாம்புக்கு இடம் தராது. கிளாம்ப் வரும் இடத்தில் லைனரை வெட்டி, கிளாம்பை இரும்பில் நேரடியாகக் கடிக்க வையுங்கள். லைனருக்கு அடியில் தேங்கும் ஈரம்தான் தட்டுக்குக் கறள் பிடிக்க ஒரு முக்கிய காரணம், வெட்டும் சாக்கில் தூக்கிப் பார்த்துக் கழுவுவது நல்லது. துளை போடத்தான் வேண்டும் என்றால், ட்ரில்லை வைக்க முன் வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்துப் பார்க்க வேண்டும். பிரேக் குழாய், எரிபொருள் தாங்கி, வயர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. துளையின் பெயின்ற் இல்லாத விளிம்புக்கு உடனே கறள்தடுப்பு பிரைமரும் பெயின்றும் பூசுங்கள், போல்ட் போட்ட பிறகு பூச முடியாது. பெட்டிக்கு 8.8 தர எம்8 (8 மில்லிமீற்றர்) போல்ட், அடியில் அகலமான வொஷர், நைலோன் பூட்டு நட்டு. அலுமினியப் பெட்டியில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாகத் தொட்டால், உப்புக் காற்றில் போல்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பி அலுமினியம் தின்னப்பட்டுவிடும். இடையில் நைலோன் வொஷரும் புஷ்ஷும் போட்டால் தடுக்கலாம். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியதும் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், புதிய இறப்பர் அமர்ந்து போல்ட் தளர்ந்திருக்கும்.

திருட்டைப் பற்றிச் சுருக்கமாக. வைனில் மூடியைக் கத்தி வெட்டும், அது மழைக்கு மட்டுமே. கெட்டியான அலுமினிய மூடியும் பின்கதவு பூட்டாவிட்டால் வீண். பல வண்டிகளில் கதவுகளின் சென்றல் லொக் பின்கதவுக்கு வேலை செய்வதில்லை. ரிமோட்டை அழுத்திவிட்டு, பின்கதவின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

மூடிய தட்டுக்குள் வெயிலில் ஏறும் சூட்டை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. கறுப்பு மூடி, மதிய வெயில், காற்று அசையாத பெட்டி. கோட்லெஸ் டூல்ஸின் லித்தியம் பற்றரிகளை 50 பாகை தொடும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று உற்பத்தியாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஸ்பிரே டின்களிலும் அதே எச்சரிக்கை உண்டு. பற்றரிகளை ஒரு சிறு பையில் போட்டு, வேலைக்குள் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். காஸ் சிலிண்டரையும் பெற்றோல் கானையும் மூடிக்கு அடியில் ஏற்றவே கூடாது. ஏசி வேலையில் செப்புக் குழாய் ஒட்டக் கொண்டுபோகும் பிரேசிங் காஸும் இதில் அடங்கும். கசியும் எல்பி காஸ் காற்றை விடப் பாரம், தட்டின் அடியில் தேங்கி நிற்கும், மூடியைத் திறந்து கிரைண்டரை இயக்கும் ஒரு பொறி போதும்.