பத்து வருடம் போட்ட கம்மல் இப்போது ஏன் அரிக்கிறது?

"ஒரே கவரிங் கம்மலைத்தான் பத்து வருடமாகப் போடுகிறேன். இப்போது காது சிவந்து, அரித்து, நீர் வடிகிறது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கண் திருஷ்டிக்கு இதில் வேலையே இல்லை. பெரும்பாலும் இது நிக்கல் ஒவ்வாமை.

கவரிங் நகைகளில் பல நேரம் தங்க முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் தேய்ந்ததும் வியர்வை நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த அயனிகள் தோலுக்குள் இறங்கிப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவலிருக்கும் செல்கள் இந்தச் செய்தியை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோக, நிக்கலை அடையாளம் தெரிந்த டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே பெருகுகின்றன. இது பல வருடம் கழித்தும் நடக்கலாம். அப்புறம் நிக்கல் பட்டால் போதும், ஒன்றிரண்டு நாளில் அந்த டி செல்கள் தோலுக்கு வந்து சேர்ந்து அழற்சி தொடங்கிவிடும். இந்தத் தாமதத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட நகை தப்பித்துக்கொள்கிறது; செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கத்திரிக்காய் மேல் பழி விழுகிறது.

சரி, இதில் ஒரு பெரிய புதிர் உண்டு. புதுப் பொருள் ஒன்று உள்ளே வந்துவிட்டது என்பதற்காக மட்டும் டி செல்கள் கிளம்புவதில்லை. கூடவே 'ஆபத்து' என்ற சமிக்ஞையும் வர வேண்டும். கிருமி வந்தால் அந்தச் சமிக்ஞையைக் கொடுப்பதற்கென்றே செல்களில் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. டிஎல்ஆர்4 அதில் ஒன்று. சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள கொழுப்புச் சர்க்கரையை அது கண்டுகொள்ளும். உடனே இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து செல்லுக்குள் அபாய மணியை அடிக்கும். நிக்கல் கிருமி இல்லையே, அதற்கு ஏன் மணி அடிக்கிறது? இன்னொன்று: எலிகளுக்கு வெறும் நிக்கலால் இந்த ஒவ்வாமையை வரவழைப்பது ஏன் அவ்வளவு கடினம்?

2010-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இரண்டுக்கும் ஒரே விடையைக் கண்டுபிடித்தார்கள். மனித டிஎல்ஆர்4-இல் 456, 458 ஆகிய இடங்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. ஹிஸ்டிடினுக்கும் நிக்கலுக்கும் ஒட்டுதல் அதிகம். நிக்கல் அயனி அங்கே போய் உட்கார்ந்து, இரண்டு ஏற்பிகளையும் தானே இணைத்துவிடுகிறது. பாக்டீரியா இல்லாமலே மணி அடிக்கிறது! எலியின் ஏற்பியில் அந்த இரண்டு ஹிஸ்டிடின்களும் இல்லை. எலியின் சொந்த டிஎல்ஆர்4-ஐ நீக்கிவிட்டு மனித ஏற்பியை வைத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளுக்கு நிக்கல் ஒவ்வாமை வந்தது. இதைவிட அழகு என்னவென்றால், பாக்டீரியாவைக் கண்டுகொள்ள அந்த ஹிஸ்டிடின்கள் தேவையே இல்லை. ஒரு நீளமான புரதத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள், அதுவும் அதன் முக்கிய வேலைக்கு வேண்டாதவை, நம் காதை அரிக்க வைக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

1998-இல் டிஎல்ஆர்4-இன் வேலையை அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் பாய்ட்லர் கண்டுபிடித்தது பாக்டீரிய நச்சுக்கு அசையாத எலிகளை ஆராய்ந்துதான். 2011-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஆய்வு கம்மல் அரிப்பை விளக்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாசகி தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேட்கலாம். 1895-இல் தோல் மருத்துவர் யோசப் யாடசோன் அறிமுகப்படுத்திய முறை இது. சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். நிக்கல்தான் என்று உறுதியானால், டி செல்களுக்கு நிக்கலைப் பற்றிய நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும். களிம்பு அப்போதைய அழற்சியைத் தணிக்குமே தவிர நினைவை அழிக்காது. டைட்டானியம் கம்மலுக்கு மாறுவது நல்லது. ஜீன்ஸ் பட்டன், பெல்ட் பக்கிள், வாட்ச் பட்டை ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

டென்மார்க் 1990-இலேயே நிக்கல் கசிவுக்கு வரம்பு கொண்டுவந்தது; பிறகு ஐரோப்பிய ஒன்றியமும் பின்பற்றியது. தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு கசிகிறது என்பதை அளப்பதுதான் இதில் சரியான யோசனை. நம்மூர்க் கடைகளில் விற்கும் கம்மல் அட்டையிலும் அந்த அளவை அச்சிடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.