மருந்தில்லாத ஊசி

செட்டிநாட்டுப் பக்கம், ஊசி போடாமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கும் டாக்டரை அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டார்கள். "ஒரு ஊசியப் போட்டு விட்ருங்களேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தோளில் ஊசியைக் குத்தி, எதையும் ஏற்றாமலே உருவிவிட்டு "முடிஞ்சுதுங்க" என்றால், "மருந்து எங்க தம்பி?" என்று கேட்காமல் விடுவார்களா? இந்தச் சிகிச்சைக்கு டிரை நீடிலிங் என்று பெயர். மருந்தே இல்லாமல் அது என்ன செய்கிறது என்பதற்கு, முதலில் தசையைப் பார்க்க வேண்டும்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை நெய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றைச் சுண்டி இழுக்கிறது; மறு கை பலகையை இழுத்து அடிக்கிறது; கால்கள் மிதியில்; கழுத்து எந்நேரமும் குனிந்தபடி. தோள் தசை முழுசாகத் தளர நேரமே கிடைப்பதில்லை. இவருக்கு வருவதோ தலைவலி! நெற்றிப் பொட்டில் விண்விண் என்று தெறிக்கும். தைலம் தேய்ப்பார், கண்ணாடியை மாற்றிப் பார்ப்பார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் டிரபீசியஸ் தசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து அழுத்தினால்தான், "அதே வலிதாங்க, பொட்டுக்கு ஏறுது" என்பார். கழுத்திலிருந்தும் தலையிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தின் மேல்பகுதியில் ஒரே நரம்பணுக்களில் போய்ச் சேர்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளையால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. குண்டித் தசையில் இருக்கும் கோளாறு காலில் இறங்கி, நரம்பு அழுந்திய வலி மாதிரி ஆட்டம் காட்டுவதும் இதனால்தான்.

விரலில் அகப்படுகிற அந்த இடம், தறியில் கட்டிய பாவில் ஓர் இழை மட்டும் முறுக்கேறி விறைத்தாற்போல இருக்கும். அதில் ஒரு புள்ளி மட்டும் தொட்டாலே உயிர் போகும். டிரிக்கர் பாயின்ட் என்பது இந்தப் புள்ளிதான். பலரும் ஏற்கும் விளக்கம் இது: நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் அளவுக்கு மேல் கசிகிறது. அந்த இடத்துத் தசையிழை சுருங்கியபடியே நின்றுவிடுகிறது. சுருங்கிய தசை பக்கத்து நுண் ரத்தக்குழாய்களை நெரிக்க, ஆக்ஸிஜன் குறைகிறது. ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறுக்கும் தட்டுப்பாடு வருகிறது. தசை சுருங்க மட்டுமல்ல, சுருங்கியது விடுபடவும் ஆற்றல் வேண்டும். இறந்தவர் உடல் விறைப்பது ஏடிபி தீர்ந்துபோவதால்தான். ஆக, தளர வழியில்லாமல் தசை இறுகுகிறது. இறுகுவதால் ரத்தம் வரவில்லை. ரத்தம் வராததால் தளர முடியவில்லை. வலியைத் தூண்டும் ரசாயனங்கள் அங்கேயே தேங்குகின்றன.

இந்தச் சுழலை உடைக்கத்தான் ஊசி. பொதுவாக 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் பருமன். நடுவில் துளை கிடையாது, திடமான கம்பி. ஆஸ்பத்திரி ஊசியில் பாதி கனம்கூடச் சில சமயம் இருக்காது. சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசியை நிறுத்தி, தலையில் விரலால் ஒரு தட்டு. தோலைத் தாண்டியது பெரும்பாலும் தெரியவே தெரியாது. பிறகு ஊசியை மெல்ல மேலும் கீழும் நகர்த்தித் தேடுவார்கள். சரியான புள்ளியைத் தொட்டதும், படுத்திருப்பவர் நினைக்காமலே தசை வெடுக்கென்று ஒருமுறை துள்ளும். கண்ணாலேயே பார்க்கலாம். "யாத்தே!" என்று சத்தமும் வரும். இந்தத் துள்ளல் தண்டுவடம் வழியாக நடக்கும் அனிச்சைச் செயல். அதன்பின் அங்கே கோளாறாக நடந்துகொண்டிருந்த மின்செயல்பாடு தணிவதையும், வலி ரசாயனங்களின் அளவு குறைவதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ரத்த ஓட்டமும் கூடுகிறது. குத்தலின் உணர்வே தண்டுவடத்திலும் மூளையிலும் வலியை அடக்கும் வழிகளை எழுப்பிவிடுகிறது என்பது இன்னொரு பக்கம்.

அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் இந்தப் புள்ளிகளை உடல் முழுக்கத் தேடிப் படமாக்கியவர். அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, 1961-இல் வெள்ளை மாளிகை மருத்துவரானவரும் அவரே. அவர் பெரும்பாலும் மரப்பு மருந்தைத்தான் ஏற்றினார். 1979-இல் செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட், 241 நோயாளிகளின் 312 வலியிடங்களில் வெறும் ஊசியைக் குத்தி, சுமார் 87 சதவீதத்தில் உடனே வலி தணிந்ததாக எழுதினார். வேலை செய்தது மருந்தா, குத்தலா என்ற கேள்வி அதோடு சூடு பிடித்தது. ஆனால் 87-ஐப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. போலி ஊசி குத்தி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வல்ல அது. பின்னால் வந்த ஒப்பீட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சில வாரங்களுக்கு வலி குறைவது தெரிகிறது. நெடுநாள் பலனுக்கு ஆதாரம் மெலிவு. ஒரே தோளை இரண்டு நிபுணர்கள் தடவிப் பார்த்து, புள்ளி எங்கே என்பதில் ஒத்துப்போகாத கதையும் உண்டு. டிரிக்கர் பாயின்ட் கொள்கையையே ஏற்காத விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.

அக்குபங்சர்தானே இது என்பார்கள். ஊசி ஒன்றுதான்; குத்தும் கணக்கு வேறு. இங்கே தசையின் உடற்கூறுதான் வழிகாட்டி.

என் கணிப்பில், வலி தணிந்திருக்கும் அந்தச் சில வாரங்கள்தான் இதில் கிடைக்கும் லாபம். தோளை அசைக்கவே முடியாதவர் அப்போது உடற்பயிற்சி செய்ய முடியும். தறியில் உட்காரும் உயரத்தைச் சரிசெய்து பழகவும் முடியும். ஆத்தங்குடியில் குனிந்தபடியே கண்ணாடிமேல் கலர் சிமெண்ட் ஊற்றி டைல்ஸ் போடுகிறவரின் இடுப்புவலிக்கும் இதே கணக்குதான்.

குத்திய இடம் ஒன்றிரண்டு நாள் அடிபட்டாற்போல வலிக்கும், லேசாகக் கன்றிப்போகலாம். வெந்நீர் ஒத்தடம் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். தோள், மேல்முதுகு, விலாப் பக்கம் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைத் தொட்டுவிடும் ஆபத்து அரிதாக உண்டு. தசையை விரலால் தூக்கிப் பிடித்துக் குத்துவது அதற்காகத்தான். குத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த சில மணி நேரத்தில் நெஞ்சு குத்தலாக வலித்து மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்டதைச் சொல்லி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.