லைட்பாக்ஸ்: ஒளிப்பெட்டியா, ஒளிபெட்டியா?

சென்னையில் லைட்பாக்ஸ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். ராயப்பேட்டையில் பழைய ஆப்செட் அச்சகக்காரர் என்றால், அடியில் ட்யூப்லைட் எரிய மேலே பால் கண்ணாடி போட்ட மேஜையைச் சொல்வார், அதன்மேல் பிலிமை வைத்துத்தான் பக்கங்களை ஒட்டிச் சேர்த்தார்கள். எலும்பு டாக்டர் சுவரில் எக்ஸ்ரே பிலிமைச் செருகிவிட்டு ஸ்விட்சைப் போடுகிறாரே, அதுவும் லைட்பாக்ஸ்தான். ஓஎம்ஆர் பக்கம் வெப் வேலை பார்க்கிற பையன் மட்டும் வெளிச்சமே தராத ஒன்றைச் சொல்வான். பக்கத்தில் உள்ள சின்னப் படத்தைத் தட்டினால் சுற்றியிருப்பதெல்லாம் இருண்டு, அந்தப் படம் மட்டும் நடுவில் பெரிதாக வந்து நிற்குமே, அது.

இந்தக் கடைசி லைட்பாக்ஸுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று கூட வேலை பார்க்கிற தம்பி கேட்டான். "ஒளிப்பெட்டின்னு போடட்டுமாண்ணா?" உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் பெயர் வந்த வழி. பாக்ஸ் என்பது லத்தீன் வழியாகக் கிரேக்கத்துக்குப் போகிறது, அங்கே அது ஒரு மரத்தின் பெயர், அந்த மரத்தில் செய்த சின்னப் பெட்டிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. லைட் நமக்குத் தெரிந்த வெளிச்சம்தான். புகைப்படக்காரர்கள் ஸ்லைடையும் நெகட்டிவையும் வைத்துப் பார்க்கிற பெட்டிக்கு லைட்பாக்ஸ் என்றார்கள், பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் பிலிமில் உள்ளது கண்ணுக்குத் தெரியும்.

அது வலைக்கு வந்தது 2005-ல். லோகேஷ் தாகர் என்பவர் எழுதி வெளியிட்ட பிரவுசருக்குள்ளேயே ஓடுகிற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு லைட்பாக்ஸ் என்று பெயர். அந்தக் காலத்து நெட் வேகம் உங்களுக்கு நினைவிருக்கும், நம் ஊரில் 2004-ல் வந்த பிராட்பேண்ட் கொள்கையே 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. பெரிய படங்களைப் பக்கத்தில் அப்படியே போட்டால் பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரக் காசு போய்விடும், அதனால் சின்னப் படத்தைக் காட்டி அதன் பின்னால் பெரிய படத்துக்கு ஒரு லிங்க் வைப்பார்கள். தட்டினால் பக்கம் போய்விடும், வெறும் படம் மட்டும் தனியாக நிற்கும், திரும்பி வர பேக் பட்டனை அழுத்த வேண்டும். தாகர் செய்தது என்னவென்றால், அந்த லிங்கில் 'லைட்பாக்ஸ்' என்று ஒரு சொல்லைக் குறித்து வைத்தார். தட்டும்போது நிரல் அதைப் பார்த்து, பிரவுசரை வேறு பக்கத்துக்குப் போகவிடாமல் நிறுத்தி, இருக்கிற பக்கத்தின்மேல் பாதி தெரியும் கறுப்புத் திரை ஒன்றைப் போர்த்தி, பெரிய படத்தை அங்கேயே கொண்டுவந்து வைத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யாத பிரவுசரில் லிங்க் பழையபடி லிங்காகவே இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கடைசி விஷயம்தான்.

பின்னாலேயே திக்பாக்ஸ், ஃபேன்சிபாக்ஸ், கலர்பாக்ஸ் என்று பெட்டி பெட்டியாக வந்தன. ஒருவர் எழுதிய நிரலின் பெயர் மெல்ல மெல்ல அந்த வகைக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது, நம்மூரில் எந்த நகலையும் ஜெராக்ஸ் என்கிறோமே அதே கதை.

இது இல்லாத பக்கத்தில் என்ன ஆகும் என்பதை என் அத்தையிடம் கேளுங்கள். தி.நகர்க் கடை ஒன்றின் தளத்தில் தீபாவளிப் புடவை பார்த்தார், உருட்ட உருட்டப் புதுப் புடவைகள் சேர்ந்துகொண்டே வருகிற பக்கம். நாற்பது புடவை தாண்டி ஒரு மாம்பழ மஞ்சளைப் பிடித்துப் படத்தைத் தட்டினார். படம் தனியாகத் திறந்தது, பார்த்தார், பின்னால் வந்தார், வந்து பார்த்தால் மறுபடி முதல் புடவை. மூன்று முறை இப்படி. "இதுக்கு ரங்கநாதன் தெருவுக்கே போய் இடிபட்டுட்டு வந்துடலாம்" என்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது சொல்லுக்கு வருவோம். மேஜை லைட்பாக்ஸ் படத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தருகிறது. வலை லைட்பாக்ஸ் படத்துக்கு ஒன்றும் தருவதில்லை, சுற்றியிருப்பதை இருட்டாக்குகிறது. ஆங்கிலத்திலேயே பெயர் தலைகீழ், அதை அப்படியே ஒளிப்பெட்டி என்று மாற்றினால் நாமும் தலைகீழாகவே நிற்போம். வேடிக்கை என்னவென்றால் தமிழில் ஒளி என்றால் வெளிச்சம், ஒளித்தல் என்றால் மறைத்தல். நடுவில் ப் போட்டு ஒளிப்பெட்டி என்றால் வெளிச்சப் பெட்டி. ப் இல்லாமல் ஒளிபெட்டி என்றால் வினைத்தொகை, குடிநீர் மாதிரி, மறைக்கிற பெட்டி. வலை லைட்பாக்ஸ் செய்கிற வேலைக்கு இந்த இரண்டாவதுதான் கச்சிதம்! ஆனால் ஒற்றெழுத்து ஒன்றை நம்பி ஒரு கலைச்சொல்லை விட முடியாது, எவனாவது பிழை திருத்துகிறேன் என்று ப் போட்டுவிடுவான்.

ஒளிப்பேழை என்றும் ஒரு யோசனை வந்தது. அது வீடியோ கேசட்டுக்கு வைத்த பெயர், பாட்டுக் கேசட்டுக்கு ஒலிப்பேழை. கேசட்டே போய்விட்டாலும் அந்தச் சொல்லைப் பிடுங்கி வேறொன்றுக்குச் சூட்ட எனக்கு மனசில்லை.

பாப்அப் என்றே சொல்லலாமே என்பவர்களும் உண்டு, ஆபீசில் பாதிப் பேர் "பாப்அப்ல ஓபன் ஆகணும்" என்றுதான் சொல்கிறார்கள். பாப்அப் நாம் கேட்காமலே குதித்து வருவது, பெரும்பாலும் விளம்பரம். லைட்பாக்ஸ் நாம் தட்டினால் மட்டும் வரும். கூப்பிட்டு வந்த விருந்தாளியையும் கூப்பிடாமல் வந்தவரையும் ஒரே பெயரால் அழைப்பது சரியில்லை.

என் தேர்வு விரிபடம். பக்கத்தில் இருக்கிற படம் அங்கேயே விரிகிறது, வாசிப்பவர் இடம் மாறவில்லை, அது இரண்டும் சொல்லிலேயே இருக்கிறது. மேஜைக்கும் எக்ஸ்ரேவுக்கும் ஒளிப்பெட்டி என்ற பெயரே இருக்கட்டும், அங்கே அது பொருத்தம். படம் என்று சொன்னால் வீடியோவுக்குப் பொருந்துமா என்று தம்பி கேட்டான். சென்னையில் நின்றுகொண்டு இதைக் கேட்கலாமா, போட்டோவும் படம், வரைந்ததும் படம், தேவி தியேட்டரில் ஓடுவதும் படம்.

பெயர் வைத்தாயிற்று, அப்புறம் அவனிடம் இன்னும் இரண்டு வேலை சொன்னேன். இதற்கென்று தனி நிரல் எதையும் தேடாதே, வலைப்பக்கம் எழுதுகிற எச்டிஎம்எல் மொழியிலேயே பக்கத்தின்மேல் ஒரு பெட்டியைத் திறக்க டயலாக் எலிமெண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதுவே போதும், 2022 மார்ச்சிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது, எஸ்கேப் விசையை அழுத்தினால் மூடும், பின்னால் உள்ள பக்கத்தைத் தொடவிடாது. போனில் மட்டும் கவனம், ஜனங்கள் மூடுவதற்கு எக்ஸ் குறியைத் தேட மாட்டார்கள், பழக்கத்தில் பேக்கைத்தான் அழுத்துவார்கள், அப்போது பக்கமே போய்விட்டால் என் அத்தை கதைதான். பேக் அழுத்தினால் விரிபடம் மட்டும் மூட வேண்டும்.

எல்லாம் கேட்டுக்கொண்டு போனவன் பாதி வழியில் திரும்பினான். "அண்ணா, படம் விரிக்கிறதுன்னா பாம்பு இல்ல?"

ஆமாம், பாம்பும்தான். அதுவும் சீண்டினால்தான் விரிக்கும்.