ஒரு அரிசிமணி கூடினால் கணினி என்ன செய்யும்?

அம்பலப்புழைப் பால்பாயசத்தின் கதை பாலக்காட்டு எல்லையில் வாழும் நமக்குப் புதிதல்ல. சதுரங்கத்தில் தோற்ற அரசனிடம், முனிவர் வேடத்தில் வந்த கண்ணன் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று கேட்டானாம். 64 கட்டத்துக்கும் கூட்டினால் 1,84,46,74,40,73,70,95,51,615 அரிசி வரும். கடனைத் தீர்க்க வழியில்லாமல் தினமும் பாயசம் படைக்கும் வழக்கம் வந்தது என்பார்கள்.

64 பிட் கணினியின் ஒரு பதிவகத்தில் (செயலி தன்னுள்ளேயே எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு இடம்) அடங்கும் மிகப்பெரிய முழு எண்ணும் இதுவேதான். பிட் என்பது 0 அல்லது 1; 64 பிட்டும் 1 ஆக இருக்கும் நிலை. இன்னும் ஒரு அரிசியைச் சேர்த்தால், சி என்ற நிரல் மொழியின் குறியில்லா (எதிர்ம எண்ணை ஏற்காத) 64 பிட் மாறி பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. மொழியின் விதியே அதுதான். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு நிரல் எழுத வரும் பிள்ளைகள் 100-இன் ஃபாக்டோரியலை (1 முதல் 100 வரை எல்லா எண்களின் பெருக்கல்) கணக்கிடும்போது முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். அந்த விடைக்கு 158 இலக்கங்கள் வேண்டும்.

இதற்காகவே உள்ளது ஜிஎம்பி (GMP) என்ற சி நூலகம், அதாவது நம் நிரலில் அழைத்துக்கொள்ளத் தயாராக உள்ள சார்புகளின் தொகுப்பு. டோர்ப்யோர்ன் கிரான்லுண்ட் முதன்மையாக எழுதி, 1991-இல் முதலில் வெளியானது. பெரிய எண்ணை அது 64 பிட் துண்டுகளாக வெட்டி நினைவகத்தில் வரிசையாக வைக்கிறது. துண்டுக்கு லிம்ப் என்று பெயர். கடைசி இலக்கங்கள் உள்ள லிம்ப் முதலில் வரும். எண்ணைக் குறிக்கும் மாறியில் இருப்பவை மூன்றே தகவல்கள்: எத்தனை லிம்புக்கு இடம் பிடித்திருக்கிறோம், அதில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன, அந்த இடம் எங்கே இருக்கிறது.

நம் அரிசிக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பயன்பாட்டு எண்ணிக்கை 1. அந்த ஒரு லிம்ப் நிரம்பி வழிகிறது. ஒன்றைக் கூட்டியதும் அது 0 ஆகி, மீதி அடுத்த இடத்துக்குப் போகிறது. இடம் போதாவிட்டால் நூலகமே கூடுதல் நினைவகம் வாங்கிக்கொள்ளும். இப்போது லிம்புகள் 0, 1. பயன்பாட்டு எண்ணிக்கை 2. திரும்ப ஒன்றைக் கழித்தால் மேல் லிம்ப் பூஜ்யமாகும், எண்ணிக்கை மீண்டும் 1 ஆகும். பிடித்த இடம் மட்டும் அப்படியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது குறியை வைத்திருக்கும் விதம். எதிர்ம எண் என்றால் பயன்பாட்டு எண்ணிக்கையையே எதிர்மமாக எழுதிவிடுகிறார்கள். பூஜ்யம் என்றால் எண்ணிக்கையும் 0. ஆயிரம் இலக்க எண்ணாக இருந்தாலும், அதே மாறியில் குறியை மாற்ற லிம்புகளைத் தொடவே வேண்டாம்.

பெருக்கலுக்கு கரட்சுபா முறை முதல் ஃபூரியே உருமாற்றம் வரை பல வழிகள் உள்ளே உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். நிரல் எழுதுகிறவரின் கை அடிக்கடி போவது சிறிய துணைச் சார்புகளின் பக்கம்தான். எண்ணைத் திரையில் காட்ட எத்தனை இலக்கத்துக்கு இடம் வேண்டும்? சைஸ்இன்பேஸ் என்ற சார்பு சொல்லும். பத்தடிமானத்தில் அது சில சமயம் ஒன்று கூடுதலாகச் சொல்லும், ஏனென்றால் பிட் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடுகிறது. 9-க்கும் 10-க்கும் 4 பிட்தான்; இரண்டுக்கும் 2 என்றே பதில் வரும். ஒருபோதும் குறைத்துச் சொல்லாது என்பதுதான் முக்கியம். குறிக்கு ஒன்று, எழுத்துச் சரத்தின் முடிவைக் குறிக்க ஒன்று என அதோடு 2 கூட்டி இடம் ஒதுக்க வேண்டும்.

பெரிய எண்ணைச் சாதாரண மாறிக்கு மாற்றும் முன், அது அடங்குமா என்று கேட்கத் தனிச் சார்புகள் உண்டு. கேட்காமல் கெட்_யுஐ சார்பை அழைத்தால் மேல் பிட்டுகள் வெட்டுப்படும், குறியும் காணாமல் போகும். இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன்.

இரண்டு எண்களை இடம் மாற்ற ஸ்வாப் இருக்கிறது. அது லிம்புகளை நகலெடுப்பதில்லை, மூன்று தகவல்களை மட்டும் மாற்றிக்கொள்கிறது. ஆனால் அதே தகவல்களை நினைவகத்தை அப்படியே நகலெடுக்கும் சி மொழியின் மெம்காப்பி கொண்டு இன்னொரு மாறிக்கு நகலெடுத்தால் ஆபத்து: இரு மாறிகளும் ஒரே நினைவகத்தைக் காட்டும், ஒன்றை கிளியர் செய்ததும் (அதன் நினைவகத்தை விடுவித்ததும்) மற்றது விடுவிக்கப்பட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நகல் வேண்டுமானால் இனிட்_செட். அது புதிய இடம் வாங்கி, ஒவ்வொரு லிம்பாக எழுதும்.