வேளாண் படிப்பில் 7.5% ஒதுக்கீடு: நகரத்துப் பிள்ளைகள் எங்கே இடத்தை இழக்கிறார்கள்

கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர், இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். பி.எஸ்சி. வேளாண்மை படிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. அவர் கையிலிருந்த ஜவுளிக்கடைப் பையில் எல்லாச் சான்றிதழும் இருந்தன, ஆறாம் வகுப்பு ரேங்க் கார்டு உட்பட. அதைப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. ஆறாம் வகுப்பு மாநகராட்சிப் பள்ளி. ஏழாம் வகுப்பின்போது வீடு மாறியதால், பக்கத்துத் தெருவில் இருந்த அரசு உதவி பெறும் பள்ளி. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மறுபடியும் மாநகராட்சிப் பள்ளி. நடுவில் போன அந்த ஒரு வருடத்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் அவளுக்கு இடமில்லை.

"அங்கேயும் வாத்தியாருக்குச் சம்பளம் கவர்மெண்ட்டுதானே குடுக்குது சார்? அப்புறம் எப்படி அது கவர்மெண்ட் ஸ்கூல் இல்லாம போச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஏழாம் வகுப்பில் சேர்க்கும்போது அந்தப் பள்ளியிலோ, டி.சி. கொடுத்து அனுப்பிய பள்ளியிலோ ஒருவராவது இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை.

திட்டம் இதுதான். தமிழ்நாடு அரசு 2021-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையிலான ஆணையம் கொடுத்த பரிந்துரை அதற்கு அடிப்படை. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5% இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. மருத்துவத்துக்கு 2020-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அதற்கு நீட் வேண்டும். தமிழ்நாட்டு வேளாண் கல்லூரிகளில் மாநிலக் கலந்தாய்வு வழியாகச் சேர நீட் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் உண்டு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலம் இருக்க வேண்டும், சிட்டா காட்ட வேண்டும், விவசாயி வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. 'சிட்டி பிள்ளைக்கு எதுக்கு அக்ரி' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேளாண் கல்வி தொடங்கியதே சென்னை சைதாப்பேட்டையில்தான், 1868-ல். கோயம்புத்தூருக்குப் போனது 1906-ல்.

சரி, எது அரசுப் பள்ளி? மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. சீருடை, பாடப்புத்தகம், மதிய உணவு எல்லாம் அரசே கொடுத்தாலும் வராது. பெயர்ப்பலகையில் 'அரசு' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம், அடுத்து வரும் 'உதவி பெறும்' என்ற இரண்டு சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

இதில் குழப்பத்தைக் கூட்டியது அரசேதான். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது அல்லவா? அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அது உண்டு. 'ஆயிரம் ரூபாய் கிடைக்கும் என்றார்களே, அப்படியானால் ஒதுக்கீடும் கிடைக்கும்தானே' என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. கிடைக்காது. ஒன்றுக்குப் பொருந்தும் தகுதி இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளை, பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது, 'கவர்மெண்ட் ஸ்கூலா?' என்ற கேள்விக்கு 'இல்லை, கார்ப்பரேஷன் ஸ்கூல்' என்று சொல்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பவரும் 'இல்லை' என்று தட்டிவிடுகிறார். முடிந்தது. எந்த அலுவலகமும் பின்னால் கூப்பிட்டு 'தவறுதலாகப் போட்டுவிட்டாயா' என்று கேட்கப் போவதில்லை. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன், 7.5% ஒதுக்கீடு பற்றிய கட்டத்தில் 'ஆம்' என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அச்சு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நிபந்தனை, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ச்சியாக அரசுப் பள்ளி. அதில் ஒரே ஒரு விலக்கு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தகுதி உண்டு. தாளில் நன்றாக இருக்கிறது. நடப்பில், அந்தத் தனியார் பள்ளி 'இந்த மாணவர் இலவச இடத்தில்தான் படித்தார்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை போய் நான்கு வருடம் கழித்துக் கேட்டால், பழைய பதிவேடு இல்லை, கரஸ்பாண்டண்ட் ஊரில் இல்லை, பழைய பாக்கி இருக்கிறது என்று ஏதாவது சொல்வார்கள். எட்டாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கும் அன்றைக்கே இந்தக் கடிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சேர்க்கையின்போது வந்த ஒதுக்கீட்டு ஆணை இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

இனி, அலைச்சல். நகரத்தில் ஒரு பிள்ளை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பள்ளியில் படிப்பது குறைவு. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது, உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிகிறது, பிறகு மேல்நிலைப் பள்ளி. வாடகை வீடு மாறினால் இன்னும் ஒன்று கூடும். எந்தெந்த வகுப்பு எந்தெந்த வருடம் எங்கே படித்தது என்பதற்குச் சான்று வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸில் எல்லாம் இருக்கிறது, பிள்ளைக்கு ஒரு எண்ணே கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்க வைக்கிறார்கள். அரசிடம் இருக்கும் தகவலை அரசுக்கே நாம் சுமந்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் பார்த்த ஒரு போனஃபைடு சான்றில் (பள்ளியில் படித்ததற்கான சான்று) 'ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பயின்றார்' என்று இருந்தது. கல்வியாண்டு இல்லை. முத்திரை பாதி விழுந்திருந்தது, பள்ளியின் பெயரில் 'நடுநிலைப்' என்பது மட்டும் படிக்க முடிந்தது. சரிபார்ப்பில் திருப்பிவிட்டார்கள். தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டார், பொறுப்பில் இருந்தவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நான்கு நாள் போனது. சான்று வாங்கும்போது அங்கேயே நின்று பாருங்கள்: ஒவ்வொரு வகுப்புக்கும் கல்வியாண்டு, பள்ளியின் வகை, எமிஸ் எண், முழு முத்திரை, தேதி. பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் எமிஸிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பழைய பள்ளி வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தால் பதிவேடு இணைத்த பள்ளியில் இருக்கும், நேராக அங்கே போங்கள்.

இதையெல்லாம் மே மாதத்தில் தொடங்காதீர்கள். கோடை விடுமுறை, பள்ளி பூட்டியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பொங்கல் விடுமுறை முடிந்ததும் தொடங்கினால் நிதானமாக வாங்கலாம்.

பதினோராம் வகுப்பில் எடுக்கும் பிரிவிலேயே பலருக்குக் கதவு அடைபட்டுவிடுகிறது. வணிகவியல் பிரிவு எடுத்தால் இந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. பி.எஸ்சி. வேளாண்மைதான் குறி என்றால் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் இருக்கும் பிரிவில் சேருங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பக்கத்து வீட்டில் கேட்டு முடிவெடுக்காமல், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுக் கையேட்டை ஒரு முறை பாருங்கள். தொழிற்கல்வியில் வேளாண் அறிவியல் பிரிவும் இருக்கிறது, அப்படிப் படித்தவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் தனியாக 5% இடம் உண்டு. ஆனால் நகரப் பள்ளிகளில் அந்தப் பிரிவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறார்கள், நாளடைவில் பிரிவே இல்லாமல் போகிறது. இது என்னை மிகவும் வருத்துகிற விஷயம். சேரும் முன், பிரிவு இருக்கிறதா என்று கேட்டதோடு நிறுத்தாமல், பாடம் எடுக்க ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

கட்டணம். 7.5% ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார். இருந்தாலும் 'இப்போது கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்' என்று ஒரு கல்லூரி அலுவலகம் சொன்னதை நேரில் கேட்டிருக்கிறேன். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடாதீர்கள். எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே பல நேரம் பேச்சு மாறும். கட்டியே ஆக வேண்டி வந்தால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த ஒதுக்கீட்டைக் கேட்டால் பொதுப் பட்டியலில் இடம் போய்விடும் என்று ஒரு பயம் சுற்றுகிறது. போகாது. பொதுப் பட்டியலிலும் உங்கள் சமூகப் பிரிவிலும் மதிப்பெண்படி உங்கள் பெயர் இருக்கும்.

கோயம்பேட்டுக்காரரின் மகளும் அப்படிச் சமூகப் பிரிவுப் பட்டியலில்தான் முயன்று பார்த்தாள். கொஞ்ச மதிப்பெண்ணில் தவறியது. இப்போது தாவரவியல் படிக்கிறாள். போன மாதம் அவர் மறுபடி போன் செய்தார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம், மகன் ஆறாம் வகுப்பு முடிக்கப் போகிறான். புது வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பள்ளி இருக்கிறது, இரண்டின் பெயர்ப்பலகையையும் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். மாநகராட்சிப் பள்ளி எது என்று சொன்னேன். இப்போதைய பள்ளியிலிருந்து டி.சி. வாங்கும்போதே ஆறாம் வகுப்புக்குச் சான்றும் வாங்கிவிடச் சொல்லியிருக்கிறேன், முழு முத்திரையோடு.